தள்ளுவண்டி வேலி

நோரீன் கொவால் தன் தங்கையின் கழுத்தை அறுக்க ஆள் பிடித்திருந்தாள். கூலியையும் முன்கூட்டியே கட்டிவிட்டாள். இதற்கு வேறு மரியாதையான வார்த்தை இருந்தால் யாராவது சொல்லுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

டொலீடோ நகருக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு ஹோட்டலில் குழந்தைப் புத்தகம் எழுதுகிறவர்களின் வருடாந்தரக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. தனியாகப் பணம் கட்டினால், பெரிய பதிப்பகத்தில் காலம் முழுக்க எடிட்டராக இருந்த ஒருவர் உங்கள் கைப்பிரதியை முன்பே வாங்கிப் படித்துவிட்டு, எதிரில் உட்கார வைத்து நல்லது கெட்டது சொல்வார். நோரீனுடையது படக்கதை. ஒரு பெரிய கடையின் வாசலில், கார் நிறுத்துமிடத்துப் பூச்செடித் திட்டில் முட்டையிட்டு அடைகாக்கிற காட்டு வாத்தின் கதை. எழுதியது நோரீன், படம் போட்டது தங்கை டார்லா.

சிக்கலே அங்கேதான். இந்தத் தொழிலில் எழுதுகிறவர் படத்துக்கு ஆள் கூட்டிக்கொண்டு போகக்கூடாது. யார் வரைவது என்பதைப் பதிப்பகம்தான் முடிவு செய்யும். என் தங்கை வரைந்தாள், என் வீட்டுக்காரர் வரைந்தார் என்று போய் நின்றால், கத்துக்குட்டி என்று வாசலோடு திருப்பி அனுப்பிவிடுவார்கள். செவ்வாய்க்கிழமைதோறும் கூடும் எழுத்தாளர் குழுவில் எல்லோரும் நோரீனிடம் இதைத்தான் சொன்னார்கள். "படத்தைக் கழட்டிட்டு அனுப்பு. கதை தப்பிக்கும்."

அவளுக்கும் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? டார்லா பகலெல்லாம் கார் உதிரிபாகக் கடையில் நின்றுவிட்டு வந்து, ஒரு குளிர்காலம் முழுக்கச் சமையலறை மேசையில் வாட்டர்கலரும் கையுமாகக் கிடந்திருந்தாள். நோரீன் பள்ளி நூலகர். கத்துகிற பிள்ளைகளை ஒரே பார்வையில் உட்கார வைக்கிறவள். தங்கையிடம் இதைச் சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை. அதனால்தான் படங்களையும் எழுத்தையும் சேர்த்து ஒட்டிய மாதிரிப் புத்தகத்தையே எடிட்டர் அம்மாளுக்கு அனுப்பினாள். அந்த அம்மாள் சொல்லட்டும். 'நானா சொன்னேன்? விஷயம் தெரிஞ்சவங்க சொல்லிட்டாங்கடி' என்று கையை விரித்துவிடலாம்.

அதுவும் இன்றைக்கே நடந்தாக வேண்டும். எழுதியதைப் பதிப்பகங்களிடம் விற்றுக் கொடுக்கிற ஷெல்பி கிரேன் என்ற ஏஜென்ட் புதிய கதைகளை வருஷத்தில் ஒரு வாரம்தான் வாங்குவாள். அந்த வாரம் இன்று மாலை ஐந்து மணியோடு முடிகிறது. ஒரு கதையை அவளுக்கு ஒரு தடவைதான் அனுப்பலாம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான், திருத்தி எடுத்துக்கொண்டு மறுபடி போய் நிற்க முடியாது. நோரீன் எத்தனையோ கதைகள் எழுதி எத்தனையோ பேரிடம் 'வருந்துகிறோம்' வாங்கியவள். இந்த வாத்தும் திரும்பி வந்தால் எழுத்தையே மூட்டை கட்டிப் பரணில் போட்டுவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

வேனை ஓட்டிக்கொண்டு வந்தவளே டார்லாதான். அறைவாசலில், முறைக்குக் காத்திருப்பவர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்த நாற்காலிகளுக்கு நடுவே நின்று அக்காவின் காலரைச் சரிசெய்தாள்.

"உள்ள போனா வாயைத் திறக்காத. நீ பேச ஆரம்பிச்சா அவங்களுக்கே பாடம் எடுத்துடுவ."

"பேசவே கூடாதுன்னு விதிமுறையே இருக்கு. கடைசில கேட்டா மட்டும்தான் பதில்."

"நல்ல விதிமுறை. நம்ம வீட்டுக்கு ஒண்ணு எழுதி வாங்கிட்டு வா." சிரித்துவிட்டு, ஏதோ ஞாபகம் வந்ததுபோலக் கேட்டாள். "எல்லாப் பக்கத்தையும் முழுசாப் பார்த்திருப்பாங்கல்ல? மூலை முடுக்கெல்லாம்?"

"மூலைல என்னடி இருக்கு?"

"சும்மா கேட்டேன். நான் வேன்லயே இருக்கேன். இங்க நின்னா என் மூஞ்சியைப் பார்த்தே நீ அழுதுடுவ."

அவள் போன கையோடு கதவு திறந்து, உள்ளேயிருந்து ஒரு பெண் கைக்குட்டையும் கண்ணுமாக வெளியே வந்தாள். அடுத்து நோரீன் பெயரைத்தான் கூப்பிட்டார்கள்.

எடிட்டர் பெர்னிஸ் லாட்டிமர் எழுபதை நெருங்கியவர். கட்டையாக வெட்டிய நரைமுடி, வாயில் இருமல் மிட்டாய், கையில் நீலப் பென்சில். எழுந்து கைகொடுத்தார், உட்காரச் சொன்னார், வந்த வழி சௌகரியமா என்றெல்லாம் கேட்காமல் மாதிரிப் புத்தகத்தைத் திறந்தார்.

"வாத்து நல்லா இருக்கு" என்றார்.

நோரீன் மூச்சு விட்டாள். பிறகுதான் பக்கத்தைப் பார்த்தாள். அவள் எழுதியிருந்த பத்தியின் குறுக்கே, மேலிருந்து கீழாக ஒரு நீலக்கோடு.

"'தாய் வாத்து கவலையோடு தன் அகன்ற சிறகுகளை விரித்தாள்.' அழகான வரி. ஆனா படத்துலயே விரிச்சிட்டாளே. அதையே எதுக்குத் திரும்பச் சொல்லணும்?" பக்கம் திரும்பியது. "இங்கயும் அப்படித்தான்." திரும்பியது. "இங்கயும்." திரும்பியது. "மழை பெய்யுதுன்னு படம் சொல்லுது. நீங்க மழையைப் பத்தி ஆறு வரி எழுதியிருக்கீங்க."

பக்கத்துக்குப் பக்கம் நீலம். எந்த வரிக்காக நோரீன் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதும் தலையைப் பிய்த்துக்கொண்டாளோ அந்த வரியும் போயிருந்தது. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு காத்திருந்தாள். சரி, எழுத்தில் குறை இருக்கும், வெட்டுவார்கள், எல்லோருக்கும் உள்ளதுதான். படத்தைப் பற்றி எப்போது வாயைத் திறப்பாள் இந்த அம்மாள்? ஐயோ, சீக்கிரம் சொல்லித் தொலையேன்!

"அப்புறம் ஒரு வேலை பண்ணேன். எழுத்தை எல்லாம் மறைச்சு வச்சிட்டுப் பார்த்தேன்." லாட்டிமர் உள்ளங்கையை நோரீனின் பத்திமேல் வைத்து மூடினார். "இப்போ இந்தக் காரைப் பாருங்க."

பக்கத்தின் ஓரத்தில் ஒரு பழைய நீளக்கார் நின்றது. பழுப்பு நிறம், பக்கவாட்டில் மரப்பலகை மாதிரி ஒட்டுக்காகிதம்.

"மத்த காரெல்லாம் பக்கத்துக்குப் பக்கம் மாறுது. இது மட்டும் நகரவே இல்லை. ஜன்னல்ல பாருங்க, துண்டைத் தொங்கவிட்டு மறைச்சிருக்காங்க. மஞ்சக் கோட்டு போட்ட ஒரு பொண்ணு எப்பவும் வெளிய நிக்கிறா. பின்கண்ணாடியில ஒரு கால், சாக்ஸ் போட்ட சின்னக் கால். உள்ள இன்னொரு குழந்தை தூங்குது. இவங்க இந்தக் கார்ல குடியிருக்காங்க."

நோரீன் முகத்தில் ஈயாடவில்லை.

"இங்க காவல்காரன் வாத்துக்குக் கிண்ணத்துல தண்ணி வைக்கிறான். கடையோட தள்ளுவண்டியை எல்லாம் சுத்தி நிறுத்தி வேலி கட்டுறான், யாரும் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னு. அடுத்த பக்கத்துல அதே ஆள் இந்தக் கார் கண்ணாடியைத் தட்டி எழுப்புறான். அங்க உங்க எழுத்து என்ன சொல்லுது? 'அவள் அங்கேயே இருந்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை.' வாத்தைச் சொல்றீங்க. படம் காரைக் காட்டுது." இருமல் மிட்டாயை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினார். "அந்த ரெண்டு வரியை நான் தொடல. அது இருக்கணும். மத்தது எதுவும் வேண்டாம்."

கடைசிப் பக்கத்தைத் திறந்தார். வாத்து குஞ்சுகளோடு போய்விட்டிருந்தது. மஞ்சள் கோட்டுக்காரி தள்ளுவண்டிகளை இழுத்து இழுத்து அந்தக் காரைச் சுற்றி நிறுத்திக்கொண்டிருந்தாள்.

"இங்க நீங்க எழுதியிருக்கிறது 'வசந்தம் வந்தது.'" லாட்டிமர் நிமிர்ந்து பார்த்தார். "இப்போ பேசலாம். எழுத்துல காரைப் பத்தி ஒரு வார்த்தைகூட இல்லையே, வேணும்னேதான் விட்டீங்களா?"

"நான்… கவனிக்கல."

"கவனிக்கலையா?"

"ஏதோ ஒரு கார்னு நினைச்சேன். கடைசிப் பக்கத்துல அந்தப் பொண்ணு வண்டிகளை ஒதுக்கி வைக்கிறான்னு…"

லாட்டிமர் கண்ணாடியைக் கழற்றினார். அவர் முகத்தில் கேலி இல்லை. "வரைஞ்சது யாரு?"

"என் தங்கச்சி."

"அப்போ இது உங்க தங்கச்சியோட புத்தகம். எழுதி வரையறது ஒரே ஆள்னா ஏஜென்ட்டுங்க கையை நீட்டி வாங்குவாங்க, அவங்க பேர்லயே அனுப்புங்க. இப்போ இருக்கிற மாதிரி அனுப்பினா யாரும் மூணாவது பக்கத்துக்குப் போக மாட்டாங்க. வலிக்கும், தெரியும். ஆனா இதைக் கேக்கறதுக்குத்தானே வந்தீங்க."

வாசலில் மணி அடித்தார்கள். நேரம் முடிந்தது.

சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். நோரீன் அதைச் செய்துவிட்டுப் பெண்கள் கழிவறையில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். கழுத்தை அறுக்க ஆள் வைத்தாள், சரி. கத்தி யார் கழுத்துக்கு வந்தது?

அந்தக் கார் அவளுக்குத் தெரியும். பார்க்க வேண்டாம் என்று முடிவுகட்டிய கண்ணுக்கு யானை வந்து நின்றாலும் தெரியாது. எடிட்டர் விரலை வைத்துக் காட்டியதும் இடது கதவிலிருந்த நசுங்கல்வரை தெரிந்துவிட்டது. அப்பா போனார், அடுத்து வீடு போனது. அந்தக் கோடையில் அம்மா இரவு வேலைக்குப் போக, பெண்கள் இருவரும் ஒரு கடையின் கார் நிறுத்துமிடத்தில் அந்தக் காருக்குள் தூங்கினார்கள். நோரீனுக்கு ஒன்பது வயது, டார்லாவுக்கு ஐந்து. "நாம கேம்பிங் வந்திருக்கோம், யார் கேட்டாலும் அப்படித்தான் சொல்லணும், வேற எதுவும் சொல்லக்கூடாது" என்று தங்கையிடம் சத்தியம் வாங்கியது நோரீன்தான். அம்மா சாகிறவரை அதைக் கேம்பிங் என்றுதான் சொன்னாள். கட்டிய புருஷனிடம்கூட நோரீன் வேறு மாதிரி சொன்னதில்லை. நாற்பது வருஷமாக மூடி வைத்ததை டார்லா எடுத்து வாட்டர்கலரில் வரைந்து, முன்பின் தெரியாதவர்களிடம் காட்ட நோரீன் கையிலேயே கொடுத்தும் அனுப்பியிருக்கிறாள்!

கோபம் வந்தது. பொறாமையும் வந்தது, அதை மறைப்பானேன். இத்தனை வருஷம் எழுதியது அவள், கைநீட்டி வாங்கப்போவது தங்கையின் புத்தகத்தை.

கண்ணாடியில் முகத்தைத் துடைத்தபோதுதான் அந்த நினைப்பு வந்தது. அறைக்குள் நடந்தது யாருக்குத் தெரியும்? எடிட்டர் யாரிடமும் சொல்லப்போவதில்லை. முதலில் நினைத்திருந்தபடியே சொல்லிவிட்டால் என்ன? படம் வேண்டாம் என்றார்கள், கதை மட்டும் போதும் என்றார்கள். ஏஜென்ட் ஒத்துக்கொள்வாளோ மாட்டாளோ, வாத்து நோரீனுடையதாகவே இருக்கும். காரையும் யாரும் பார்க்க மாட்டார்கள். மாதிரிப் புத்தகத்தைப் பைக்குள் அடியில் திணித்து, மேலே கம்பளிச் சால்வையைப் போட்டு மூடினாள்.

வெளியே நவம்பர் காற்று அறைந்தது. புல்வெளித் திட்டில் வாத்துகள் நாலைந்து மேய்ந்துகொண்டிருந்தன. டார்லா வேனுக்குள், ஷூவைக் கழற்றிவிட்டு, சாக்ஸ் போட்ட பாதத்தை முன்கண்ணாடியில் ஊன்றிக்கொண்டு உருளைக்கிழங்கு வறுவல் தின்றுகொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து வந்த பழக்கம், திட்டினாலும் விட மாட்டாள்.

"என்ன சொன்னாங்க? மூஞ்சி ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

நோரீன் கதவைச் சாத்தினாள். சீட் பெல்ட்டை எதற்கோ இழுத்து மாட்டினாள். "படம் வேண்டாம்னுட்டாங்க."

டார்லா வறுவலை மென்று முடித்தாள். "அவ்வளவுதானா?"

"பதிப்பகம் வேற ஆளை வச்சு வரைஞ்சுக்குமாம். கதையை மட்டும் அனுப்பச் சொன்னாங்க. நான் எவ்வளவோ…"

"விடுடி. எனக்குத் தெரியும். உன் குழுவுல இருக்கே ஒரு வென்டி, அன்னிக்கு உன் பிறந்தநாள் கேக் வெட்டும்போதே சொல்லிடுச்சு. நீ எப்படிச் சொல்லப்போறேன்னுதான் இவ்வளவு நாளா வேடிக்கை பார்த்துக்கிட்டிருந்தேன்." முழங்கையால் அக்காவை இடித்தாள். "இதுக்கா இப்படி நடுங்குற? கதை நல்லா இருக்குன்னாங்கல்ல?"

"வாத்து நல்லா இருக்குன்னாங்க."

"பின்ன என்ன." பொட்டலத்தில் கையை விட்டவள் நிறுத்தினாள். "காரைப் பத்தி ஏதாவது கேட்டாங்களா?"

"எந்தக் கார்?"

பதில் ரொம்பச் சீக்கிரம் வந்துவிட்டது. டார்லா திரும்பி அக்காவைப் பார்த்தாள், கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு பொட்டலத்தின் வாயை மடித்து வைத்தாள்.

"ஒண்ணுமில்ல. நேரம் ஆகுது, அனுப்பு."

அவளே பின்சீட்டிலிருந்து லேப்டாப்பை எடுத்து அக்காவின் மடியில் வைத்து, தன் போனிலிருந்து இணைப்பும் கொடுத்தாள். திட்டியிருந்தால் நோரீனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டாள்.

ஏஜென்ட்டின் விண்ணப்பம் திரையில் திறந்தது. கதையின் பெயர் கேட்டது, அடித்தாள். எழுதியவர் பெயர் கேட்டது, அடித்தாள். கதையை ஒட்டச் சொன்னது, தன் வரிகள் எல்லாவற்றையும், மழையைப் பற்றிய ஆறு வரி உட்பட, ஒட்டினாள். கடைசியில் ஒரு பெரிய கட்டம் காலியாக இருந்தது. அதன் மேலே, 'இந்தக் கதையைச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான் என்று ஏன் நினைக்கிறீர்கள்?'

நோரீன் 'நான் ஒரு நூலகர்' என்று அடித்து அழித்தாள். 'எனக்குப் பறவைகள் பிடிக்கும்' என்று அடித்து அழித்தாள். திரையின் மூலையில் மணி ஓடிக்கொண்டிருந்தது, நாலரையைத் தாண்டிவிட்டது.

அப்போது யாரோ கண்ணாடியைத் தட்டினார்கள்.

இரண்டு பேரும் அப்படியே உறைந்து போனார்கள். நோரீன் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே சீருடையில் ஓர் ஆள் குனிந்து நின்றான். அவள் கை தானாகப் போய்க் கண்ணாடியை இறக்கியது. வாயும் தானாகத்தான் பேசியது.

"எங்கம்மா உள்ள இருக்காங்க. இதோ வந்துடுவாங்க. நாங்க ஒண்ணும் பண்ணல."

ஐம்பது வயதான பொம்பளை! அம்மாவைப் புதைத்த இடத்தில் புல் முளைத்து எத்தனையோ காலமாகிவிட்டது. அந்த ஆள் குழம்பிப்போய் வேனுக்குள் எட்டிப் பார்த்தான்.

"இல்லம்மா… ஹெட்லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு. பேட்டரி இறங்கிடும், அதைச் சொல்லத்தான் தட்டினேன்."

"அணைச்சிடறோம், ரொம்ப நன்றி" என்றாள் டார்லா, அக்காவின் குறுக்கே எட்டி. அவன் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனான். அவள் விளக்கை அணைத்தாள்.

நோரீன் பைக்குள்ளிருந்து சால்வையை இழுத்துப் போட்டுவிட்டு மாதிரிப் புத்தகத்தை எடுத்துத் தங்கையின் மடியில் வைத்தாள்.

"பொய் சொன்னேன்டி. படத்தை வேண்டாம்னு சொல்லல. என் எழுத்தைத்தான் வேண்டாம்னாங்க. இது உன் புத்தகமாம்."

டார்லா பக்கங்களைப் புரட்டினாள். நீலக்கோடுகளைப் பார்த்து உச்சுக்கொட்டினாள். கார் கண்ணாடியைக் காவல்காரன் தட்டுகிற பக்கத்தில் விரல் நின்றது. காரைச் சுற்றி நீலத்தில் ஒரு வட்டம் இருந்தது.

"பார்த்தாங்களா?" நிமிராமலே கேட்டாள்.

"பார்த்தாங்க. ஒவ்வொரு பக்கமும் பார்த்தாங்க. நான்தான் பார்க்கல. இல்ல, பார்த்துட்டுப் பார்க்காத மாதிரி இருந்தேனோ என்னவோ, எனக்கே தெரியல." அழுகையோடு கோபமும் சேர்ந்துகொண்டது. "ஏன்டி இப்படிப் பண்ண? சத்தியம் பண்ணல நீ? யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சொல்லல நான்?"

"சொல்லக்கூடாதுன்னுதான் சொன்ன. வரையக்கூடாதுன்னு சொல்லலயே."

"என் வாத்துக்கதைதானா கிடைச்சது உனக்கு?"

"வேற எங்க கொண்டுபோய் வைக்கிறது? கார் நிறுத்துற இடம்னு நீதான எழுதிக் கொடுத்த. கண்ணை மூடினா எனக்குத் தெரிஞ்ச கார் நிறுத்துற இடம் அது ஒண்ணுதான்." டார்லா புறங்கையால் மூக்கைத் துடைத்தாள். "நீ கேப்பேன்னு ஒவ்வொரு பக்கமா காத்துக்கிட்டிருந்தேன். 'இது நம்ம காராடி'ன்னு ஒரு வார்த்தை. நீ என்னடான்னா, 'வாத்தைக் கொஞ்சம் இடதுபக்கம் தள்ளு, எழுத்துக்கு இடம் வேணும்'ங்கிற."

உண்மைதானே.

"நம்ம கார்தான்" என்றாள் நோரீன். வாயால் அதைச் சொல்வது இதுவே முதல் தடவை.

மணியைப் பார்த்தாள். லேப்டாப்பை நேராக வைத்துக்கொண்டு, ஒட்டியிருந்த கதையை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். இரண்டு வரி மட்டும் அடித்தாள். அவள் அங்கேயே இருந்தாள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. எழுத்து சேர்க்காத படங்கள் டார்லாவின் போனில் தனியாக இருந்தன, அவற்றை வாங்கி இணைத்தாள். பிறகு எழுதியவர் பெயர் என்ற கட்டத்துக்குப் போய், தன் பெயரை அழித்துவிட்டு 'டார்லா கொவால்' என்று அடித்தாள்.

அடித்துவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினாள். 'ஐயையோ, உன் பேரும் இருக்கட்டும்டி' என்று தங்கை சொல்வாள் என்று எதிர்பார்த்தாள். அந்த இரண்டு வரியாவது நோரீனுடையதுதானே. டார்லா திரையைப் பார்த்தாள், தன் பெயரைப் படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நோரீனுக்கு நெஞ்சு எரிந்தது. அந்த எரிச்சலோடேயே அடுத்த கட்டத்துக்குப் போனாள்.

"இதுக்குப் பதில் எனக்குத் தெரியாது. 'நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று ஏன் நினைக்கிறீர்கள்'ங்கிறாங்க. நீ சொல்லு, நான் அடிக்கிறேன்."

"நீயே ஏதாவது அழகா எழுதேன்."

"அழகா எழுதித்தான் எல்லாத்தையும் அடிச்சிட்டாங்க. சொல்லுடி, மூடப் போறாங்க."

டார்லா பழையபடி பாதத்தைக் கண்ணாடியில் ஊன்றிக்கொண்டாள். புல்வெளியில் இருந்த வாத்துகளைப் பார்த்தபடி சொன்னாள். "எனக்கு அஞ்சு வயசா இருந்தப்போ நாங்க ஒரு கார்ல குடியிருந்தோம். ஒரு நாள் காவல்காரன் வந்து கண்ணாடியைத் தட்டினான். அம்மா வேலைக்குப் போயிருந்தாங்க. அப்புறம் எனக்குத் தூக்கமே வரல, மறுபடி தட்டுவானோன்னு."

நோரீன் அடித்துக்கொண்டே வந்தாள்.

"மறுநாள் எங்க அக்கா கடையோட தள்ளுவண்டியெல்லாம் இழுத்துக்கிட்டு வந்து காரைச் சுத்தி நிறுத்தினா. வண்டி அவ நெஞ்சு உயரம். மழை வேற. இனிமே எவனும் கிட்ட வர முடியாது, நீ தூங்குன்னா. நான் தூங்கிட்டேன்."

விரல்கள் நின்றுவிட்டன.

"நானா? நான் அப்படிப் பண்ணேனா?"

"மறந்துட்டியா?"

"அது நீயா கற்பனை பண்ணி வரைஞ்சதுன்னு… அந்த மஞ்சக் கோட்டுப் பொண்ணு நீன்னு நினைச்சேன்டி."

"நான் எங்க வெளிய வந்தேன்?" என்றாள் டார்லா. கண்ணாடியில் ஊன்றியிருந்த பாதத்தை ஆட்டிக் காட்டினாள். "நான் இந்தக் கால். அந்தப் பொண்ணு நீ. முதல் பக்கத்துலேர்ந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நீதான்."

நோரீனுக்குத் திரை கலங்கிவிட்டது. எழுத்து எங்கே இருக்கிறது, பொத்தான் எங்கே இருக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

டார்லா வறுவல் பொட்டலத்தைப் பிரித்து, அதோடு கொடுத்திருந்த காகிதக் கைக்குட்டையை எடுத்து நீட்டினாள்.

"துடைச்சிக்கிட்டு, 'எங்க அக்கா'ன்னு சரியா அடிச்சிருக்கியான்னு பாரு. பார்த்துட்டு அனுப்பு. அஞ்சு மணிக்கு மூடிடுவாங்க."